மாப்பிள்ளைக்கு, தகட்டில் ஓட்டை போடுவது பற்றி

ஸ்ரீராமபுரம்,
பெங்களூரு.

அன்புள்ள மாப்பிள்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. சின்ன மகளுக்குப் பையன் பிறந்திருக்கிறான், வீட்டில் யாருக்கும் ராத்தூக்கம் இல்லை. முழங்கால் படுத்துவதால் வண்டியை விட்டுவிட்டேன். இங்கே மெட்ரோ ஏறினால் பீன்யாவில் இறங்கிப் பட்டறைக்கு நடை. அந்த மட்டுக்கும் சௌகரியம்.

சரி, உன் பேனல் பெட்டிக்கு வருகிறேன். கிணற்று மோட்டாருக்கு இரண்டு பட்டன், மூன்று விளக்கு வைக்க வேண்டும், 22 மில்லி டிரில் பிட் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். அதை மட்டும் வாங்கிவிடாதே. ஐடிஐயில் நாம் கனமான இரும்புக் கட்டையைத் துளைத்துத்தான் பழகினோம். தகட்டின் சுபாவம் வேறு.

கணக்கைப் பார். சாதாரண பிட்டின் முனைக் கோணம் 118 டிகிரி. 12 மில்லி பிட் என்றால் அந்தக் கூம்பின் உயரமே மூன்றரை மில்லிக்கு மேல். உன் பெட்டித் தகடு 18 கேஜ், அதாவது 1.2 மில்லி. முனை மறுபக்கம் எட்டிப் பார்க்கும்போது மேலே ஓட்டை 4 மில்லிதான் ஆகியிருக்கும். அதற்குப்பின் பிட்டுக்கு நடுவில் பிடிமானமே கிடையாது. இரண்டு வெட்டுமுனைகளும் தகட்டைக் கவ்வி ஆடும், ஓட்டை மூணு மூலையாகப் போகும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தகட்டையே தூக்கிச் சுழற்றிவிடும். என் இடது கட்டைவிரல் தழும்பைப் பார்த்திருக்கிறாயே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் தகட்டைக் கையால் பிடித்துக்கொண்டு துளைத்த லட்சணம்தான் அது. அடியில் மரக்கட்டை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகுதான் மிஷினைத் தொட வேண்டும். கையுறையும் வேண்டாம், பிட் அதைச் சுற்றி விரலோடு இழுத்துவிடும்.

ஐந்து ஓட்டைக்கு ஸ்டெப் டிரில் போதும். பம்பரத்தில் படிக்கட்டு வெட்டின மாதிரி இருக்கும். ஒவ்வொரு படியும் அடுத்த படியை நடுவில் நிறுத்தும், அதனால் ஓட்டை வட்டமாகவே வரும். அடுத்த படியை லேசாகத் தொட்டு எடுத்தால் மேல்பக்கத்துப் பிசிரும் போய்விடும். வாங்கும்போது ஒன்று பார், ஒரு படியின் உயரம் தகட்டின் கனத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு படி முடியுமுன் அடுத்தது வெட்ட ஆரம்பித்துவிடும். நடுப்புள்ளியில் குழி விழ சென்டர் பஞ்ச் என்னும் கூர் உளியை அடித்து, 4 மில்லி பிட்டால் வழி போட்டுவிட்டு இதை இறக்கு. வேகம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். 6 மில்லி பிட்டுக்கு நிமிடத்துக்கு 1300 சுற்று சரி, 22க்கு 350 போதும். விட்டத்துக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைக்காவிட்டால் வெட்டுமுனை நீலம் பாய்ந்து மழுங்கிப்போகும். பட்டனுக்கு உண்மையில் 22.5 மில்லி வேண்டும், 22 படியில் நிறுத்தி அரைவட்ட அரத்தால் மீதியை எடு.

ஹோல் சா, அதாவது வட்ட ரம்பம், தகட்டில் கடகடவென்று ஆடும், எனக்குப் பிடிக்காது. நாள் முழுக்க இதே வேலை என்றால் தகட்டை வெட்டும் பஞ்ச்தான் ராஜா. என்னிடம் இருப்பதற்கு 10 மில்லி ஓட்டை ஒன்று போட்டால் போதும். ஒருபக்கம் கிண்ணம் மாதிரி டை, மறுபக்கம் வெட்டும் பஞ்ச், இரண்டையும் இழுக்க நடுவில் போல்ட். ஸ்பேனரால் முடுக்க முடுக்கத் தகடு 'டக்'கென்று வெட்டுப்பட்டு நாணயம் மாதிரி வட்டமாக விழும். பிசிர் இல்லை, பெயின்டும் உரியாது. முக்கியமாக, இரும்புச் சுருளே கிடையாது. வயரிங் முடிந்த பேனலில் டிரில் போட்டு, ஒரு சுருள் மோட்டாருக்குக் கரன்ட் விடும் கான்டாக்டர் ஸ்விட்சுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது எங்கள் பட்டறைக்குத் தகடெல்லாம் லேசரில் வெட்டியே வந்துவிடுகிறது, பையன்களுக்கு டிரில்லைத் தொடும் வேலையே இல்லை. ஆனால் எல்லாம் முடிந்து பேனல் வண்டி ஏறும் நேரத்தில் "இன்னொரு விளக்கு வேண்டுமே" என்பார்கள் பார், அப்போது என்னைத்தான் தேடுவார்கள்.

அப்புறம், தங்கச்சி கேட்ட எவர்சில்வர் சிங்க். அதில் வேகமாகச் சுற்றி மேலோட்டமாகத் தேய்த்தால், தேய்த்த இடம் இறுகி வைரம் மாதிரி ஆகிவிடும். கோபால்ட் பிட், குறைந்த வேகம், நல்ல அழுத்தம், நிறைய எண்ணெய். பாதியில் மலைத்து நிற்காதே.

ஸ்டெப் டிரில்லை எஸ்.பி. ரோட்டில் வாங்கி அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். இந்த ஐந்து ஓட்டைக்கு எதற்குச் செலவு? தம்பி மகன் வெள்ளிக்கிழமை ராத்திரி சேலம் பஸ் ஏறுகிறான், என் பஞ்சையே கொடுத்தனுப்புகிறேன். வேலை முடிந்ததும் போல்ட் மரையில் எண்ணெய் தடவித் திருப்பி அனுப்பு. போன தடவை வாங்கிப்போன அரம் இன்னும் வரவில்லை, ஞாபகம் இருக்கிறதா?

உன் பழைய
வைஸ் பெஞ்ச் கூட்டாளி