மருந்து ஆய்வில் பங்கேற்றவருக்கு முடிவையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மருந்துகள் குறித்த செய்திகளில் தயாரித்த நிறுவனத்தின் பெயரும் விலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. அந்த மருந்தை முதலில் தம் உடலில் ஏற்றுக்கொண்ட நோயாளிகளைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை. எம்.எஸ். எனப்படும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கான மருந்து ஆய்வொன்றில் என் தங்கை பங்கேற்றவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளின் மேலுறையை அரிக்கும் நோய் இது. பெரும்பாலும் இளம் வயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகமாக வருகிறது. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. தொடக்கம் முதலே விடாமல் முற்றிக்கொண்டே போகும் வகைக்கு அமெரிக்காவில் 2017-இல்தான் முதல் மருந்தாக ஒக்ரெலிசுமாப் அங்கீகாரம் பெற்றது. அதற்கு அடிப்படையான ஆய்வில் 732 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகத் தரப்படும், மருந்துச் சத்தில்லாத போலி மருந்தை ஏற்றிக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தவர்கள்.

ஆய்வில் சேர்வது கையெழுத்தோடு முடிகிற காரியமல்ல. ரத்தப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஆகியவற்றோடு, 25 அடி தூரத்தை இயன்ற வேகத்தில் நடந்து காட்ட வேண்டும். ஒன்பது சிறு குச்சிகளை ஒன்பது துளைகளில் ஒவ்வொன்றாகச் செருகி, பிறகு எடுக்க வேண்டும். என் தங்கை வலக்கையால் ஒருவாறு முடித்துவிடுவாள்; இடக்கையில் குச்சி நழுவி மேசைக்கடியில் உருளும்போதும் செவிலியர் கையிலிருக்கும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். முகம் சிவக்க அவள் மறுபடி முயன்றதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஆய்வு நடக்கும்வரை யாருக்கு எந்த மருந்து என்பதை நோயாளிக்கும் மருத்துவருக்கும் மறைத்து வைப்பது முறையே. அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால், ஆய்வு முடிந்த பிறகும் அவளுக்கு ஏற்றப்பட்டது உண்மை மருந்தா, போலியா என்பதையோ, ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதையோ யாரும் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் நிறுவனத்திலிருந்து தகவல் வர வேண்டும் என்பதே பதிலாக இருந்தது.

நம் நாட்டின் 2019-ஆம் ஆண்டு மருந்து ஆய்வு விதிகள், ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்கின்றன. அது பெரிய பாதுகாப்புதான். முடிவை அறியும் வாய்ப்பைப் பங்கேற்பாளருக்குத் தர வேண்டும் என்று மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான நெறிகளைச் சொல்லும், உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி பிரகடனமும் 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே கூறிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ, ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள் சாதாரண மக்களுக்குப் புரியும் சுருக்கத்தை வெளியிட வேண்டும் என்று சட்டமே இயற்றியிருக்கிறது. மருந்து பலிக்கவில்லை என்றாலும் அதுவும் முடிவுதான். பிரிட்டனில் 964 எம்.எஸ். நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாடின் மாத்திரை நோய் முற்றுவதைத் தடுக்கவில்லை என்பதை 2024-இல் வெளிப்படையாகவே அறிவித்தார்கள்.

எனவே, ஆய்வின் முடிவை யார், எப்போது, எந்த மொழியில் தெரிவிப்பார்கள் என்பது ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத படிவத்துக்கு மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழுக்கள் அனுமதி அளிக்கக் கூடாது. இத்தகைய ஆய்வுகளில் சேர எண்ணும் எம்.எஸ். நோயாளிகளும், படிவத்தை வீட்டுக்கு எடுத்துச்சென்று நிதானமாகப் படித்து, கையெழுத்திடும் முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடும்படி வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.