ஜெயித்தவனுக்கு என்ன ஆகிறது என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆன்லைன் சூதாட்டத்தில் பணத்தை விட்டவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் தொடர்ந்து செய்தி வருகிறது. கடன், தற்கொலை, நடுத்தெருவுக்கு வந்த குடும்பம். எழுத வேண்டிய செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் அதைப் படித்துவிட்டு, "அவனுக்கு ஆடத் தெரியலண்ணா, எப்ப நிறுத்தணும்னு தெரியல" என்று சொல்லிவிட்டு மறுபடியும் போனை எடுக்கிறார்கள். தோற்றவன் கதை எதுவும் அவர்களைத் தொடுவதில்லை. ஜெயித்தவனுக்கே பணம் கைக்கு வருவதில்லை என்பதை எழுதினால்தான் காதில் ஏறும் என்று எனக்குப் படுகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ், பிரவுசிங் கடை வைத்திருக்கிறேன். வாரிசு சான்றிதழ், ரேஷன் கார்டு திருத்தம் என்று வருகிற கூட்டத்தோடு, கொஞ்ச காலமாக ஆன்லைன் கேசினோவுக்கு ஆவணம் ஸ்கேன் செய்ய வருகிறவர்களும் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒருவர் காசிமேட்டில் ஐஸ் ஏற்றுகிற தம்பி. கணக்கில் எண்பதாயிரத்துச் சொச்சம் காட்டுகிறது, எடுக்க முடியவில்லை. பணம் போடும்போது ஒரு கேள்வியும் கிடையாது, யுபிஐயில் ஒரு நொடியில் போய்விட்டது. எடுக்கும்போது ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தார். ஆதாரின் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்று திருப்பினார்கள். மறுபடி ஸ்கேன் செய்து கொடுத்தேன். அப்புறம் பெயர் பொருந்தவில்லை என்றார்கள். ஆதாரில் இனிஷியல், பானில் அப்பா பெயர் முழுசாக. நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும்! அதையும் எழுதிக் கொடுத்தால், முகவரி வேறு என்றார்கள். வாடகைக்கு வீடு மாறிக்கொண்டே இருப்பவர் ஒவ்வொரு தடவையும் ஆதாரையா மாற்றிக்கொண்டிருப்பார்? கடைசியில் ஒரு வெள்ளைத்தாளில் தேதியையும் அந்த சைட்டின் பெயரையும் எழுதி, அதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி செல்ஃபி அனுப்பச் சொன்னார்கள். என் கடைச் சுவரில் சாய்ந்து நின்று அதையும் எடுத்து அனுப்பினார்.

இவ்வளவும் நடக்கும்போது அவருடைய கோரிக்கை "நிலுவையில்" என்றே நின்றது. பக்கத்திலேயே ஒரு பட்டன், அதைத் தொட்டால் எடுக்கக் கேட்ட பணம் மறுபடி ஆட்டத்துக்கே திரும்பிவிடும். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் வராதவன் அந்தப் பட்டனை என்ன செய்வான் என்று அதை வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு பந்து எந்த எண்ணில் விழும் என்று பந்தயம் வைக்கிற ரூலெட்டில் பூஜ்யத்தோடு சேர்த்து 37 எண்கள், ஒரு எண்ணில் வைத்து ஜெயித்தால் வைத்த பணம் போக கிடைப்பது 35 மடங்கு, அதாவது பந்தயம் வைக்கும் நூறு ரூபாயில் சராசரியாக ரெண்டு ரூபாய் எழுபது காசு அவர்களுக்கு. ஆளை ஆட விட்டுக்கொண்டே இருந்தால் போதும், ஜெயித்த பணம் தானாக வீடு திரும்பும். தம்பியும் தொட்டார், எண்பதாயிரமும் போனது. இதை வெறும் பேராசை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பணம் போடுவதை ஒரு நொடியில் முடித்தவர்கள் எடுப்பதை மட்டும் இவ்வளவு இழுத்தது எதற்காக?

பட்டனைத் தொடாமல் தாக்குப்பிடித்தால் விதிமுறைகள் இருக்கின்றன. 5,000 ரூபாய் போனஸ் என்று கொடுப்பார்கள், அதை 40 மடங்கு ஆடியாக வேண்டும் என்று உள்ளே எழுதியிருக்கும், அதாவது 2 லட்சத்துக்குப் பந்தயம். அதற்கு நடுவில் ஒரே ஒரு தடவை அவர்கள் சொன்ன அளவுக்கு மேல் வைத்துவிட்டால் மொத்தமும் ரத்து. ஒரே இணைய இணைப்பில் ரெண்டு கணக்கு இருந்தால் மோசடி என்று மூடுவார்கள், இங்கே ஒரே மாடியில் நாலு குடித்தனம் ஒரு வைஃபையைப் பகிர்ந்துகொள்கிறது. கிரிக்கெட் பந்தயத்தில் கணக்குப் போட்டு ஜெயிக்கிறவனாக இருந்தால் அவன் வைக்கக்கூடிய தொகையையே நூறு, ஐம்பது என்று குறைத்துவிடுவார்கள். தோற்கிறவனுக்கு மட்டும் எந்த வரம்பும் வராது.

பிரிட்டனில் ஆண்டி கிரீன் என்பவர் 2018 ஜனவரியில் பெட்ஃப்ரெட் என்ற சூதாட்ட நிறுவனத்தின் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் 17 லட்சம் பவுண்டுக்கு மேல் ஜெயித்தார். மென்பொருளில் கோளாறு, தர மாட்டோம் என்றார்கள். வெளியில் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு 60,000 பவுண்டு தருவதாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் விடவில்லை, 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அங்கே 2019 முதல் ஆட விடுவதற்கு முன்பே அடையாளத்தைச் சரிபார்த்தாக வேண்டும், முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும்போது கேட்டு நிறுத்தக் கூடாது. நான் சொன்ன அந்தப் பட்டனையும் 2021-இல் தடை செய்துவிட்டார்கள். உரிமம், சட்டம், நீதிமன்றம் எல்லாம் இருக்கிற ஊரிலேயே ஜெயித்த பணத்துக்கு மூன்று வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது.

நம் பையன் எங்கே போவான்? நம் நாட்டில் 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 30-இன்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது. தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்துக்கு 2022-இல் தடை அவசரச் சட்டமும் 2023-இல் தடைச் சட்டமும் வந்தன, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. அதை நான் மனதார வரவேற்கிறேன். அதன் பிறகு பெரிய இந்திய ஆப்கள் பண ஆட்டத்தை நிறுத்தின. ஆனால் குராசோ தீவில் உரிமம் வாங்கியதாகச் சொல்லும் சைட்டுகளும், வாட்ஸ்அப்பில் "ஐடி" (ஆடுவதற்கான கணக்கு) கொடுக்கும் ஏஜென்ட்டுகளும் நிற்கவில்லை. ஏஜென்ட் விஷயம் இன்னும் மோசம். சின்னத் தொகை ஜெயித்தால் உடனே அனுப்பி நம்பிக்கை வரவைப்பார், பெரிசாக ஜெயித்தால் ஐடியும் இருக்காது, அந்த நம்பரும் இருக்காது.

சரி, பணம் வந்தேவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது யார் கணக்கிலிருந்து வருகிறது? பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கிலிருந்து. அதே கணக்கில் வேறு மாநிலத்தில் ஏமாந்த ஒருவரின் பணமும் கலந்திருக்கும், அவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் கொடுத்திருப்பார், போலீஸ் அந்தப் பணம் போன வழியெல்லாம் முடக்கிக்கொண்டே வரும். கொருக்குப்பேட்டையில் ஒரு அம்மாவின் கணக்கு இப்படித்தான் முடங்கியது. ஜெயித்த பணத்தை மகன் அம்மா கணக்கில் வாங்கியிருக்கிறான். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அந்தக் கணக்கில்தான் வரும், எடுக்கப் போனால் முடியவில்லை. வங்கியில் கேட்டால் வெளிமாநில சைபர் கிரைம் கடிதம் என்று ஒரு தாளை நீட்டினார்கள், ஆங்கிலத்தில். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்கள். மின்னஞ்சல் எழுதிக் கொடுத்தேன், இன்னும் பதில் இல்லை. சூதாட்டம் என்றால் என்னவென்றே தெரியாத அந்த அம்மா, "நான் யாரையுமே ஏமாத்தலையேப்பா" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். நிருபர் ஒருவரை இந்தப் பக்கம் அனுப்புங்கள். பணம் எடுக்க முடியாமல் நின்றவர்கள், கணக்கு முடங்கியவர்கள் சிலரைப் பேச வைக்க என்னால் முடியும். வீட்டுக்குத் தெரியாமல் ஆடியவர்கள் என்பதால் பெயரும் படமும் மட்டும் வேண்டாம். கூடவே, வெளிமாநிலப் புகாரால் முடங்கிய கணக்கை விடுவிக்க இங்கே எந்த அலுவலகத்தில் யாரிடம் மனு கொடுக்க வேண்டும் என்பதைக் காவல்துறையிடம் கேட்டுத் தமிழில் வெளியிடுங்கள். அதை நகலெடுத்துக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81