பெரிய மார்க்கெட்டை ஒரேயடியாக இடிக்காதீர்கள்

புதுச்சேரி நகராட்சி ஆணையர் அவர்களுக்கும் உள்ளாட்சித் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நேரு வீதி குபேர் அங்காடியை, அதாவது எங்கள் பெரிய மார்க்கெட்டை, மொத்தமாக இடித்துக் கட்டும் யோசனையை எதிர்த்து எழுதுகிறேன். கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைத்துக்கொள்கிறது, மழை வந்தால் மீன் விற்கும் பக்கம் கால் வைக்க முடியவில்லை. சரிசெய்யத்தான் வேண்டும். வியாபாரிகளும் கட்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பகுதி பகுதியாகக் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அத்தனை பேரையும் கிளப்பி ஏ.எஃப்.டி. பஞ்சாலைத் திடலுக்கு அனுப்புவதைத்தான் ஏற்க முடியாது.

கீரைக்கட்டு விற்கும் அம்மாவின் கணக்கைப் பாருங்கள். விடிகாலையில் தண்டலுக்குப் பணம் வாங்கி, சரக்கு எடுத்து, சாக்கை விரித்து உட்காருகிறார். சாயங்காலம் வட்டியோடு திருப்ப வேண்டும். நேரு வீதிக்குத் துணி எடுக்கவும் நகைக்கடைக்கும் வருகிறவர்கள் போகிற போக்கில் வாங்கும் இரண்டு கட்டுதான் அவருடைய லாபம். அந்தக் கூட்டம் கீரைக்காகத் திடல் வரை வராது. அவருக்குக் கடை எண்ணும் கிடையாது, ரசீதும் கிடையாது. புதுக் கட்டடத்தில் இடம் ஒதுக்கும் பட்டியலில் அவர் பெயரை யார் எழுதுவார்கள்?

2014 நவம்பர் மழையில் நகராட்சி அலுவலகமான கடற்கரைச் சாலை மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. அதைத் திரும்பக் கட்டித் திறக்க 2021 ஆனது. அலுவலகம் அத்தனை வருடம் வேறிடத்தில் இயங்கலாம். தண்டல் வாங்கி விற்பவர்களால் ஆறு மாதம்கூடத் தாங்க முடியாது. இந்த யோசனைக்குப் பணம் தர வந்த மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி மிஷன் திட்டத்தின் காலமும் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. வேலை பாதியில் நின்றால் மீதிப் பணம் எங்கிருந்து வரும்?

எனக்குப் பெரிய கோபம் வேறு. இதைப் பற்றி முடிவெடுக்க மக்கள் தேர்ந்தெடுத்த நகர்மன்றமே இங்கே இல்லை. 38 வருடம் கழித்து 2006-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்த மன்றத்தின் காலம் முடிந்தது. அப்புறம் தேர்தலே கிடையாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. கவுன்சிலர் என்று ஒருவர் இருந்திருந்தால் மீன்காரம்மாக்கள் அவர் வீட்டு வாசலில் போய் நின்று கேட்டிருப்பார்கள், வரைபடமும் மன்றக் கூட்டத்துக்கு வந்திருக்கும். இன்று அதிகாரிகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாகிவிட்டது. ஊரின் நடுவே இருக்கும் பொதுச் சொத்தைப் பற்றி அப்படி முடிவெடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றே நினைக்கிறேன்.

2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தையும் பாருங்கள். அதன்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். தெருவோர வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடியும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. மார்க்கெட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து விற்கும் பெண்களுக்காக வந்த சட்டம் அது.

ஆகவே, முதலில் தரைக்கடைகள் உட்பட எல்லோரையும் கணக்கெடுங்கள். அந்தப் பட்டியலை மார்க்கெட் வாசலில் தமிழில் ஒட்டுங்கள். பழைய இடம், பழைய அளவு, வாடகை எவ்வளவு என்பதை ஒவ்வொருவருக்கும் எழுத்தில் கொடுங்கள். ஒரு பகுதியைக் கட்டி முடித்துத் திறந்த பிறகே அடுத்த பகுதியில் கை வையுங்கள். அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

இப்படிக்கு,
பெரிய மார்க்கெட்டில் காய் வாங்கும் ஒரு புதுச்சேரிக்காரர்