லயத்துக்கு மிருக வைத்தியர் வரட்டும்: மலையகப் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்மாருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன் நீங்கள் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலுக்கு வந்தீர்கள். பாதை, தண்ணீர், வீடு, தெருவிளக்கு பற்றிப் பேசினீர்கள். அதெல்லாம் வேண்டும். அந்த வாசல்களில் எலும்பும் தோலுமாகச் சுருண்டு கிடந்த நாய்களையும் தாண்டித்தான் வந்தீர்கள். அவற்றுக்காகத்தான் இந்த மடல்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மாதத்தில் ஒரு நாளாவது மிருக வைத்தியர் தோட்டப் பிரிவுக்கு, அதாவது டிவிஷனுக்கு, வர வேண்டும். பெட்டை நாய்களுக்குக் கருத்தடை, எல்லா நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி, நோயில் கிடப்பதைத் தூக்கிவந்து காட்ட ஓர் இடம். நோர்வூட், மஸ்கெலியா, அம்பகமுவ, கொட்டகலை, அக்கரப்பத்தனை, நுவரெலியா என்று இந்தப் பக்கத்துச் சபைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பதுளைப் பக்கத்துச் சபைகளிலும் நிலைமை இதுதான் என்று அங்கே கட்டிக்கொடுத்த என் அக்கா சொல்கிறார்.

எங்கள் தோட்டங்களில் நாய் இல்லாத லயம் கிடையாது. காலையில் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமாருக்கு முன்னால் ஓடுவது நாய். செடிக்குள் பன்றி நின்றாலும் பாம்பு கிடந்தாலும் முதலில் குரைப்பது அதுதான். இராத்திரி கழிப்பறைக்கு வெளியே போகிற பிள்ளைக்குத் துணையும் அது. நாய் வளர்க்க எங்களுக்குத் தெரியும். அது குட்டி போடுவதை நிறுத்தத்தான் வழி இல்லை. ஒரு பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு தடவை பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஒவ்வோர் ஈற்றிலும் நாலைந்து குட்டிகள். ஆண் குட்டியைக் கேட்டு வாங்கிப்போக ஆள் வரும். பெட்டைக் குட்டிகளை உரப்பையில் போட்டுக் கட்டிப் பெரிய பாதை வளைவிலோ, டவுன் கோழிக்கடைக்குப் பின்னாலோ விட்டுவிடுவார்கள். அதில் உயிர் தப்பும் ஒன்றிரண்டு ஒரு வருடத்துக்குள் தாமும் குட்டி போடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலை சரிந்து, சனம் உடுத்த உடுப்போடு பாடசாலைகளுக்கும் கோயில்களுக்கும் ஓடியபோது இன்னொரு கூட்டம் நாய்கள் ஆளில்லாத காம்பரா (லயத்து அறை) வாசல்களில் நின்றன. அவற்றில் சில இன்னும் அங்கேயே சுற்றுகின்றன.

போன ஆடி மாத மழையில் எங்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் ஒரு பெட்டை நாய் வந்து படுத்தது. செம்மண் நிறம். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. பால் வற்றிய முலைகள் தொங்கின, குட்டிகள் எதுவும் கூட இல்லை. காதிலும் வயிற்றிலும் சொறி. உதட்டை விலக்கிப் பார்த்தால் ஈறு வெள்ளைக் கடதாசி மாதிரி வெளிறியிருந்தது. கொழுந்து நிறுக்க வந்த அக்காமார் தங்கள் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார்கள். எழும்பி வந்து வாங்க அதற்குத் தெம்பில்லை. அம்மாவும் நானும் அதைப் படங்கில் கிடத்தித் தூக்கிவந்து வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் வைத்தோம். லயத்துப் பிள்ளைகள் ரோசி என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் சூடேற்ற வேண்டும். உடம்பில் கொழுப்பே மிஞ்சாத நாயால் எங்கள் குளிரைத் தாங்க முடியாது. உடம்பு சில்லிட்டுக் கிடக்கும்போது சாப்பாட்டைத் திணித்தால் குடல் வேலை செய்யாது. பழைய கம்பளியால் போர்த்தி, சுடுதண்ணீர் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர்.

இனி எழுதப்போவதை ஒவ்வொரு லயத்திலும் யாராவது வந்து தமிழில் சொல்ல வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பட்டினி நாயைக் கண்டதும் எங்கள் சனம் இரக்கப்பட்டு ஒரு கோப்பை நிறையச் சோறு வைக்கும். நாய் அவசர அவசரமாகத் தின்னும், வாலையும் ஆட்டும். இரண்டு மூன்று நாளில் கால் தள்ளாடி, மூச்சு வாங்கி, சில நேரம் வலிப்பும் வந்து செத்துப்போகும். "நல்லாத்தானே சாப்பிட்டிச்சி, கண்ணூறு பட்டிருச்சி" என்பார்கள். கொன்றது அந்தச் சோறுதான். நீண்ட பட்டினியில் உடம்பிலுள்ள பொஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் கரைந்துகொண்டே போயிருக்கும். திடீரென்று நிறைய மாச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, இரத்தத்தில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் உயிரணுக்களுக்குள் இழுத்துவிடும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்ததும் இதயம் தடுமாறும், தசை சோர்ந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்ட மனிதர்களிடமும் வைத்தியர்கள் இதையே கண்டார்கள்.

எங்களுக்கு இதைச் சொன்னவர் ஒரு மிருக வைத்தியர், தொலைபேசியில். முதல் நாள் அதன் தேவையில் கால்வாசி மட்டும் கொடுங்கள், அதையும் நாலைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள் என்றார். சோற்றைக் குறைத்து, அவித்த முட்டையும், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் அவித்து எலும்பு நீக்கிய கோழியும் கொடுக்கச் சொன்னார். நாளுக்கு நாள் கூட்டி, ஒரு வாரமளவில் முழுச் சாப்பாட்டுக்கு வரலாம். பூச்சி மருந்தைக்கூட உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அம்மா இரவில் எழும்பி எழும்பி, ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று ஊட்டினார். ரோசி பிழைத்தது அதனால்தான்.

அந்த நல்ல மனிதரிடம் நாயை நேரில் காட்டுவதற்குள் பல நாள் போய்விட்டது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். சொறிநாய் என்றதும் ஆட்டோக்காரத் தம்பிமார் தயங்குகிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஏற்றினாலும் போக, வர, காத்திருக்க என்று ஒரு நாட்சம்பளத்துக்கு மேல் கேட்கிறது. வேலைநாளில் போனால் அன்றைய பேரும், அதாவது அன்றைய நாட்சம்பளமும், இல்லை. அரச மிருக வைத்திய அலுவலகங்களுக்கு மாட்டு வேலையே தலைக்கு மேல் கிடக்கிறது. பெரிய சத்திர சிகிச்சை என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் போதனா மிருக வைத்தியசாலை வரை போகவேண்டும். எங்கள் மலையிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வைத்தியரிடம் போக வழியில்லாதபோது சனம் கைக்குக் கிடைத்ததைச் செய்கிறது. சொறிக்குக் கராஜிலிருந்து கழிவு ஒயிலை வாங்கிவந்து ஊற்றுகிறார்கள். அது தோலை எரிக்கும். நாய் நக்கும்போது உள்ளே போய் உறுப்புகளையும் கெடுக்கும். சொறிக்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு வகை உண்ணி. அதற்கு ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன. நாயின் எடையைப் பார்த்து வைத்தியர் கொடுத்தால் சில வாரங்களில் முடி முளைக்கத் தொடங்கும். அதே உண்ணி நாயோடு விளையாடும் பிள்ளைகளுக்கும் அரிப்பைக் கொடுக்கிறது. ரோசிக்கு முடி முளைத்துவிட்டது, உடம்பும் பிடித்துவிட்டது. ஆனால் கருத்தடைக்குக் கொண்டுபோக வழி அமைவதற்குள் பருவம் வந்துவிட, அதைக் காம்பராவுக்குள் பூட்டி வைத்து, வாசலில் இரவிரவாகச் சண்டை போட்ட ஆண் நாய்களை விரட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாயை மீட்டவருக்கே இவ்வளவு பாடு என்றால், இன்னொரு நாயைத் தூக்க யாருக்குத் துணிவு வரும்?

இது சபையின் வேலையா என்று நீங்கள் கேட்கலாம். 1901ஆம் ஆண்டின் சட்டப்படி நாய்களைப் பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சிச் சபைகளுடையது. பிறகு, 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்ன செய்தது என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. எங்கள் வாக்கில் வென்ற உறுப்பினரே எங்கள் லயத்துக்குப் பாதை போட முடியாமல் கைபிசைந்து நின்ற காலம் அது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இப்போது அந்தத் தடையைக் காரணம் காட்ட முடியாது. விலங்குகளை வதைப்பதற்கு எதிரான சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது, அதில் எழுதியிருக்கும் உச்சத் தண்டம் 100 ரூபாய். அதை மாற்றுவது பாராளுமன்றத்தின் வேலை, உங்களிடம் கேட்கவில்லை.

மனுசனுக்கே பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, இதில் நாய்க்கு வைத்தியரா என்று சபையிலேயே ஒருவர் எழும்பிக் கேட்பார். அந்தக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள் நான். அந்தக் கேள்வியின் வலி எனக்கும் தெரியும். ஆனாலும் நாய்க்குச் செய்தால் மனுசனுக்குக் குறைந்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். விடிந்தும் விடியாமல் பாடசாலைக்கு நடக்கும் எங்கள் பிள்ளைகள் அந்த நாய்களுக்கு நடுவில்தான் நடக்கிறார்கள். விசர்நாய்க்கடியால் இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தார்கள். இப்போது அது ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. மனிதர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகப் போடும் ஊசியோடு, நாய்களுக்குப் போட்ட ஊசியும் அதற்குக் காரணம். ஓரிடத்து நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டுவிட்டால் அங்கே நோய் பரவுவது அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடிபட்டால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும் என்பதையும், நோய்க்குறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம் என்பதையும் ஊசி போட வருகிறவர்களே லயத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். கடைசியாக எங்கள் பக்கத்தில் நாய்களுக்கு ஊசி போட வந்தபோது, வேலைநாள் காலையில் டவுன் மைதானத்தில் மேசை போட்டார்கள். நாங்கள் மலையில் நின்றோம். எங்கள் லயத்திலிருந்து ஒரு நாயும் போகவில்லை.

சிறுத்தையையும் நினைத்துப் பாருங்கள். பசியில் இரவெல்லாம் குப்பையைக் கிளறும் நாயைத் தேடிச் சிறுத்தை லயத்தடிக்கு வருகிறது. சனம் பயப்படுகிறது. பன்றிக்கு என்று வைக்கும் கம்பிச் சுருக்கில் நாயும் மாட்டுகிறது, சிறுத்தையும் மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஷபான தோட்டத்தில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது, நாடே அழுதது. அந்தக் கம்பியில் இடுப்பு அறுந்து சாகும் நாய்களை யாரும் படம் எடுப்பதில்லை.

செய்ய முடிந்த வேலைதான் இது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பூசிக்கு ஏற்பாடு இருக்கிறது. மாகாணத்தில் மிருக வைத்தியர்கள் இருக்கிறார்கள். சபையிடம் வாகனம் இருக்கிறது. மூன்றையும் ஒரே நாளில் ஒரே டிவிஷனில் கொண்டுவந்து நிறுத்த ஆள்தான் இல்லை, அந்த ஆளாகச் சபை இருக்க வேண்டும். நாள் தோட்ட விடுமுறை நாளாக இருக்கட்டும். அறிவித்தல் தமிழில் இருக்கட்டும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலும் கோயில் ஸ்பீக்கரிலும் சொல்லட்டும். கருத்தடையைப் பெட்டை நாய்களிலிருந்து தொடங்குங்கள், ஆண் நாய்கள் காத்திருக்கலாம். ஊசி போட்ட நாய்க்குக் கழுத்தில் நிறப்பட்டி கட்டினால் எது பாக்கி என்று தூரத்திலிருந்தே தெரியும். பட்டினி நாயை வீட்டில் வைத்துப் பார்க்கும் குடும்பத்துக்கு மருந்துச் செலவை மட்டுமாவது கொடுக்க அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். டவுன் கோழிக்கடைக் கழிவை மூடிய வாளியில் சேர்க்க வைப்பது உங்கள் அதிகாரத்துக்குள் இருக்கிறது. எங்கிருந்தோ வாகனத்தில் நாய்களைக் கொண்டுவந்து தேயிலை மலையில் இறக்கிவிட்டுப் போகும் வேலையையும் நிறுத்துங்கள். அப்படி இறக்கிவிடப்பட்டது இங்கே சோறு கிடைக்காமல்தான் சாகிறது.

தோட்டத்துப் பக்கம் நாங்கள் தயார். எங்கள் டிவிஷனில் எந்த லயத்தில் எத்தனை பெட்டை நாய்கள், எது சினையாக இருக்கிறது, எதற்கு வீட்டுக்காரர் இருக்கிறார் என்று இளைஞர்கள் கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். சத்திர சிகிச்சைக்குப் வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பார்க்கும் இடமாக இருந்த பழைய பிள்ளைக்காம்பராவைத் திறந்து தரத் தோட்டத் தலைவர் சம்மதித்துவிட்டார். கழுவி, தண்ணீர் பிடித்து, மயக்கம் தெளியும்வரை நாய்களோடு இருக்க ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கொப்பியின் பிரதியை அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன் சபை அலுவலகத்தில் கொடுப்போம். மிருக வைத்திய அலுவலகத்துக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் சபையின் கடிதம் போவதை அந்தக் கூட்டத்திலேயே தீர்மானித்து, எங்கள் டிவிஷனுக்கு எந்த நாள் என்று அறிவியுங்கள்.

இப்படிக்கு,
நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து,
கொழுந்தெடுக்கும் தாயின் மகள்