செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மேடையில் இருக்கும் தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். நீலக் குறி விழுந்தால் படித்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன்.

இந்த ஆண்டு நம் சேலம் வியாபாரிகள் சங்கத்தின் செயற்குழு 12 முறை கூடியிருக்க வேண்டும். கூடியது 9 முறை. இரண்டு முறை ஆள் போதாமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம், ஒரு முறை மழை. சுதந்திர தினம், குடியரசு தினம் இரண்டுக்கும் கொடி ஏற்றினோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வழக்கம்போல் கூழ் ஊற்றினோம். டிசம்பரில் வைத்திருந்த ஏற்காடு சுற்றுலா, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததால் நின்றுபோனது. முன்பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கொடுக்காமலே திருப்பிக் கேட்ட ஒருவருக்கு மட்டும் பாக்கி.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஐப்பசியில் நம் முன்னாள் தலைவர் காலமானார். வயது 94. என் அப்பாவுக்கு அவர் அண்ணா, எனக்கு ஐயா, என் மகனுக்குத் தாத்தா. இங்கே பெரியவர் என்றே சொல்கிறேன்.

ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போடும் குடும்பத்திலிருந்து 13 வயதில் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வந்தவர். அது 1943. உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூர், மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோய், அதை நம் கிழங்கிலேயே செய்யலாம் என்று சேலத்துக்காரர்கள் இறங்கிய சமயம். மண்டியில் கோணி தைக்கும் பையனாகச் சேர்ந்தார். அப்புறம் எடை போட்டார், கணக்கு எழுதினார், 30 வயதுக்குள் லீ பஜாரில் சொந்தமாகக் கமிஷன் மண்டி வைத்தார்.

அவர் சரக்கு பார்க்கும் விதம் பழைய ஆட்களுக்குத் தெரியும். மூட்டைக்குள் கையை முழங்கை வரை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் பரப்பிக் கட்டைவிரலால் தேய்த்து, மெல்ல ஊதிப் பார்ப்பார். மாவு பறந்தால் முகம் மாறும். நாலு ஜவ்வரிசி மணியை வாயில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்பார். அந்த நேரத்தில் ஆலைக்காரர்கள் மூச்சு விடாமல் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பளீரென்று வெளுத்த சரக்கு வந்தால், “கிழங்கு இவ்வளவு வெள்ளையா இருந்து நான் பார்த்ததில்லையே” என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்புவார்.

1981இல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தபோது மண்டிக்காரர்கள் பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆலைக்காரர்கள் சரக்கை அங்கே இறக்கி, முன்பணம் வாங்கிக்கொண்டு, டெண்டரில் விற்றால் நம் கமிஷன் என்னாவது? என் அப்பாவும் கத்தியவர்களில் ஒருவர்தான். பெரியவர் கத்தவில்லை. “ஆலைக்குப் பணம் நேரத்துக்குக் கிடைச்சா, கிழங்கு போட்டவனுக்கும் கிடைக்கும்” என்றார். அவருடைய அப்பா கிழங்குப் பணத்துக்காக மாதக்கணக்கில் அலைந்தவர் என்பது எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. மண்டியைச் சுருக்கிக்கொண்டு, டெண்டரில் வாங்கி வடக்கே அனுப்பும் வியாபாரியாக மாறிவிட்டார். நவராத்திரி விரதத்துக்கு மகாராஷ்டிரமும் குஜராத்தும் கேட்கும் நேரம் அவருக்குப் பஞ்சாங்கம் போல மனப்பாடம். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் போய்ச் சொன்னேன். “பேர் வாங்கியாச்சு. மக்காச்சோள மாவு கலக்காம இருக்கணும்” என்றார்.

வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. மதியம் ஒரு மணி ஆனால் கல்லாவைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடப்பார். ஒருநாள் சரியாக அந்த நேரத்துக்கு வடக்கேயிருந்து பெரிய கொள்முதல்காரர் ஒருவர் வந்து இறங்கினார். நாங்களாக இருந்தால் அன்றைக்குச் சோற்றையே மறந்திருப்போம். பெரியவர் அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பேரம் ரசம் சாதத்தோடு முடிந்ததாகக் கேள்வி. அவர் மனைவி, அந்த அம்மா, படுக்கையில் கிடந்த மூன்று வருஷமும் மதியத்துக்கு மேல் கடை திறக்கவே இல்லை. வியாபாரம் குறையவில்லையா என்று கேட்டேன். “குறைஞ்சுதான் போச்சு” என்றார். அவ்வளவுதான்.

காரியம் முடிந்த பிறகு அவருடைய மூத்த மகன் பழைய நாள்வழிப் புத்தகங்களை என்னிடம் காட்டினார். பிள்ளையார் சுழி, ‘லாபம்’, கீழே வரவு, செலவு. கிழங்கு மாவு, கோணி, லாரி வாடகை என்று எழுதிவந்து தினமும் கடைசி வரியில் ‘வீட்டுக்கு மல்லிகை’. முதல் புத்தகத்தில் 10 காசு. கடைசிப் புத்தகத்தில் 20 ரூபாய். அந்த அம்மா போய் 11 வருஷம் ஆகிறது, அந்த வரி நிற்கவில்லை. படத்துக்கு வாங்கியிருக்கிறார். இதை எந்தத் தலைப்பில் காட்டினீர்கள் என்று எந்த ஆடிட்டரும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய நினைவுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் 31 பேர். அதில் 9 பேர் அவருடைய குடும்பத்தார். அன்று முகூர்த்த நாள் என்று சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே முகூர்த்தமா என்று நான் கேட்கவில்லை.

அடுத்து, தராசு. செயற்குழுவில் இரண்டு முறை என்னை நிற்க வைத்துக் கேட்ட விஷயம் என்பதால் விளக்கிவிடுகிறேன். பெரியவர் மண்டியின் பெரிய தொங்கு தராசை அவர் குடும்பத்தார் பழைய இரும்புக்குப் போட இருந்தார்கள். நான் போய்க் கேட்டதும் வீசை எடைக்கற்களோடு சங்கத்துக்கே கொடுத்துவிட்டார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. துரு எடுக்க, சங்கிலி மாற்ற, கூடத்து உத்தரத்தில் கொக்கி அடித்து மாட்ட, தூக்கிவந்த ஆட்களுக்குக் கூலி எல்லாம் சேர்த்து 11,400 ரூபாய். ஒரு போட்டோ மாட்டினால் போதாதா என்றார்கள். போட்டோவுக்கு மாலை யார் மாற்றுவது? தராசு யார் தலையிலாவது விழும் என்றார்கள். அந்தக் கொக்கியில் நானே தொங்கிப் பார்த்தேன், என் எடை 84 கிலோ. இப்போது பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் தட்டில் ஒருவரையொருவர் உட்கார வைத்து எடை பார்க்கிறார்கள். கூட்டம் இல்லாத நாளிலும் நம் கூடத்துக்குள் ஆள் நடமாட்டம் இருப்பது இந்த ஒரு காரணத்தால்தான் என்பதைப் பதிவு செய்கிறேன்.

பெரியவர் வெயில் காலத்தில் சொந்தச் செலவில் நடத்திவந்த நீர்மோர்ப் பந்தலை, பங்குனியிலிருந்து சங்கம் ஏற்றிருக்கிறது. ஊற்றித்தர 14 பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தவர்கள் 3 பேர், அவர்களில் ஒருவர் என் கடைப் பையன். சேலத்து வெயில் தெரியும், பதினோரு மணிக்கே தார் இளகுகிறது. பல நாள் நானே பானைக்குப் பக்கத்தில் நின்றேன். பெயர் கொடுத்தவர்களில் இருவர் வண்டியில் போகும்போது நிறுத்தி, மோர் குடித்து, உப்பு குறைவு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். வைப்புத்தொகையில் கை வைக்கவில்லை, வட்டியில் வைத்திருக்கிறோம். சந்தா ஆண்டுக்கு 600 ரூபாய். 112 உறுப்பினர்களில் 47 பேர் கட்டியிருக்கிறார்கள். மீதிப் பேர் பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது. இங்கே வாசிக்க மாட்டேன், அது நாகரிகம் இல்லை. கூடத்து அறிவிப்புப் பலகையில் இடம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஒத்துழைத்த தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், கூடத்தைப் பெருக்கும் அம்மா, ஒலிபெருக்கிக்காரர் அனைவருக்கும் நன்றி. பெரியவரின் குடும்பத்தாருக்குத் தனியாக நன்றி.

வரும் ஆண்டு நான் இந்தப் பொறுப்பில் தொடர்வேனா என்று தெரியவில்லை. கடையைப் பார்க்க வேண்டும், வீட்டில் ஏற்கெனவே கேட்கிறார்கள். யாராவது முன்வந்தால் சாவிக்கொத்தை இப்போதே தந்துவிடுவேன். கூரை ஓடு மாற்ற வேண்டும், பந்தல் வைகாசி வரை நடக்க வேண்டும், வருபவர் அதையும் ஏற்க வேண்டும்.

பெரியவர் வருஷா வருஷம் சித்திரை முதல் நாள் காலை, கோயிலுக்குப் போய்விட்டு நேராக என் கடைக்கு வருவார். சந்தாப் பணத்தை வைத்துவிட்டு ரசீது வாங்காமல் நகர மாட்டார். போன சித்திரையிலும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இந்த அறிக்கை ஆண்டின் ஒன்றாம் எண் ரசீது அவருடையதுதான்.

இந்தச் சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆகிறது. கூட்டம் முடிந்ததும் பின்பக்க மேஜையில் தட்டுவடை செட்டும் காபியும் இருக்கின்றன. புது ரசீதுப் புத்தகத்தையும் அங்கேயே வைத்திருக்கிறேன். ஒன்றாம் எண் இன்னும் எழுதவில்லை.