நள்ளிரவில் திறக்கும் டேட்டா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் கல்லூரிப் பிள்ளைகளின் தூக்கம் பற்றிய கட்டுரையில், "ராத்திரி பத்து மணிக்குப் போனை அணைத்துவிட்டுப் படுத்தால் போதும், பிள்ளைகளுக்கு அதற்கு மனசுதான் இல்லை" என்று ஒரு வரி. எழுதியவர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும் போலிருக்கிறது. நல்லது, இருக்கட்டும்.

தென்னாப்பிரிக்காவில் ப்ரீபெய்ட் டேட்டாவை எப்படி விற்கிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பகலுக்கு ஒரு விலை. நள்ளிரவிலிருந்து விடியற்காலை ஐந்து மணிவரை மட்டும் செல்லுபடியாகும் டேட்டா அதைவிட எவ்வளவோ மலிவு. 2019 டிசம்பரில் டேட்டா விலை அதிகம் என்று, சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் கண்டித்த பிறகுதான், 2020 ஏப்ரலில் பெரிய நிறுவனங்கள் ஒரு ஜிபி மாத டேட்டாவை 149 ராண்டிலிருந்து 99 ராண்டுக்கு இறக்கின. அதே வருடம் கொரோனாவில் வகுப்பெல்லாம் ஆன்லைனுக்குப் போனபோது அரசாங்கம் மாணவர்களுக்கு 30 ஜிபி கொடுத்தது. பகலுக்கு 10, இரவுக்கு 20. ஆக, ராத்திரி விழித்திருந்து படி என்று சொன்னது யார்? அப்போதே இதைப் பற்றி எழுதினேன். கடிதத்தைப் பாதியாக வெட்டிப் போட்டீர்கள். வெட்டிய பாதியில்தான் விஷயம் இருந்தது.

என் இளைய மகள் உங்கள் கட்டுரைப்படியே பத்து மணிக்குப் படுப்பவள்தான். பதினொன்றேமுக்காலுக்கு அலாரம் வைத்து எழுந்திருப்பாள். அடுப்படி ஜன்னலோரம்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மைலோ டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து லெக்சர் வீடியோக்களை இறக்குவாள். இறங்குகிற வரை சும்மா நிற்பாளா? கட்டைவிரல் ரீல்ஸ் பக்கம் போகும். இரண்டு மணிக்குத் தண்ணீர் குடிக்க நான் எழுந்தால், பாடம் எப்போதோ இறங்கியிருக்கும், அவள் இன்னும் அங்கேயே நிற்பாள். ஐந்தரைக்கு டாக்ஸி, அதாவது பலர் சேர்ந்து போகும் மினிபஸ், பிடிக்க வேண்டும். நிறவெறி ஆட்சி இந்தியர்களை ஒதுக்கிவைக்கக் கட்டிய எங்கள் சாட்ஸ்வொர்த் நகரத்துக்கு ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

போன் மேல் தப்பே இல்லை என்று வாதாட வரவில்லை. நான் நர்ஸாக இருந்தவள். ராத்திரி வெளிச்சம் கண்ணில் பட்டால், தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பது தள்ளிப்போகும். அந்த வயதில் தூக்கம் இயல்பாகவே தாமதமாகத்தான் வரும், அதற்கு மேல் இதுவும். ஏழு மணி நேரமாவது தூங்க வேண்டிய பெண், வாரமெல்லாம் கெட்ட தூக்கத்தை ஞாயிறு மத்தியானம்வரை தூங்கிச் சரிக்கட்டப் பார்க்கிறாள். அன்று ராத்திரி தூக்கம் வராது, திங்கட்கிழமை இன்னும் மோசம். தலைவலி, எரிச்சல், ஏதாவது கேட்டால் அழுகை. வார்டில் நைட் டியூட்டிப் பெண்களிடம் நான் பார்த்த அதே முகம். அவர்களுக்காவது நைட் அலவன்ஸ் கிடைத்தது.

அப்புறம் நம் பெரியவர்கள். போன காவடித் திருவிழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்து இளைஞர்களின் போன் பழக்கத்தை அரை மணி நேரம் கண்டித்தார். அதை மற்றவர்கள் போனில் நேரலையாக விட்டார்கள். உங்கள் பத்திரிகையின் வாட்ஸ்அப் குழுவில் பதினொன்றரைக்கு மேல் 'இனிய இரவு' ரோஜாப்பூ அனுப்புகிறவர்களில் மாணவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

சரி, கேட்க வந்தது இதுதான். எங்கள் பகுதித் தமிழ்ச் சங்க மண்டபத்தில் வைஃபை இருக்கிறது. கமிட்டி கூடும் நாள் தவிர யாரும் தொடுவதில்லை. மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை மண்டபத்தைத் திறந்து, பாஸ்வேர்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். செயலாளர் என் பேச்சைக் கேட்கமாட்டார், உங்கள் பத்திரிகையைப் படிப்பார். இந்தக் கடிதத்தையும் வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால் மேலே உள்ளதை வெட்டிக்கொள்ளுங்கள், இந்தப் பத்தியை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்