தங்கம் இளைக்க மாட்டா

அடியே கண்ணு,

எப்படிடி இருக்க? உன் மெசேஜ் பாத்தேன், போன்ல பேசினா சண்டை வந்துரும்னுதான் உக்காந்து எழுதறேன். அம்மாவுக்கு முட்டி வலி இப்ப பரவால்ல. சேலத்துல வெயில் இப்பவே கொளுத்துது, மாம்பழம் வர ஆரம்பிச்சிருச்சு ஆனா இனிப்பு இன்னும் ஏறல.

நான் எழுதற காதல் கதைக்கு வரேன், அதான் குண்டுப் பொண்ணு தங்கத்தோட கதை. நாலு அத்தியாயம் படிச்சிட்டு நல்லாருக்குன்னு சொன்ன, ரொம்ப சந்தோஷம். ஆனா "கடைசில தங்கம் கொஞ்சம் இளைச்சு வர்ற மாதிரி வை, அப்பதான் படிக்கறவங்களுக்கு திருப்தியா இருக்கும்"னு ஒரு வரி போட்டிருந்தியே, ரெண்டு நாளா அதுதான் மண்டைக்குள்ளயே சுத்துது.

உன்கிட்ட என்ன மறைக்க, தங்கத்துல பாதி நான்தான். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழால வளையல் போடப் போனோமே ஞாபகம் இருக்கா, உனக்கு 2.4 சைஸ் சர்ருனு ஏறிருச்சு, எனக்கு அந்த வளையக்கார அக்கா 2.8 எடுத்து சோப்பு தடவி அமுக்கு அமுக்குன்னு அமுக்கி மூணு உடைஞ்சு கையெல்லாம் கீறல், பின்னாடி நின்ன ஒரு அம்மா "இந்த வயசுலயே இப்படின்னா எவன் கட்டுவான்"னு சத்தமாவே சொன்னாங்க, நீ திரும்பி முறைச்ச. வளையக்கார அக்கா ஒண்ணுமே பேசல, கூடைக்கு அடியில கைய விட்டு அதவிடப் பெரிய சைஸ் 2.10 எடுத்துப் போட்டாங்க, வழுக்கிட்டுப் போச்சு. என் கையில ஒரு கோளாறும் இல்ல, முதல்ல எடுத்த சைஸ்தான் தப்புன்னு எனக்கு உறைக்கவே இத்தன வருஷம் ஆயிருச்சுடி.

அதனாலதான் தங்கத்த செவ்வாப்பேட்டையில கொலுசுப் பட்டறை வேலைக்குப் போற பொண்ணா வச்சேன். காத்து பட்டா ரீடிங் ஆடும்னு ஃபேன நிறுத்திட்டு கிராம் கணக்குல வெள்ளி எடை போடறவ, வாய் ஓயாது, சாயங்காலம் ஆனா தட்டுவடை செட் கடையில நின்னு பீட்ரூட் துருவலும் சட்னியும் வழிய வழிய ரெண்டு பிளேட் ரசிச்சு சாப்புடுவா. கதாநாயகன் மேல ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர், நாள் பூரா பத்து வார்த்தை பேசினா அதிகம், பொம்பளைங்க பறிச்சுட்டு வர்ற காபிப் பழத்த மூட்டையா தராசுல மாட்டி கிலோ கணக்குல நோட்டுல எழுதறவன். நடுவுல 20 கொண்டை ஊசி வளைவு.

இதுக்காகவே போன வாரம் மேல போயிட்டு வந்தேன். மழை பெஞ்சு ஒரு வாரம் பத்து நாள்ல காபி பூக்கும்ல, சரியா அந்த நேரம், சில்வர் ஓக் மரத்தடியில கிளை பூரா வெள்ளையா, மல்லிப்பூ வாசமேதான், மூணு நாலு நாள்ல கொட்டிருமாம். ரைட்டரா இருந்து ஓய்வான ஒரு பெரியவர்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டிருந்தேன். நவம்பர்ல இருந்து ஜனவரி வரைக்கும் பறிப்பு, எடையில சாக்கு எடைய கழிக்கணும், மழையில நனைஞ்ச சாக்கு கனக்கும்ல, எல்லாத்துக்கும் ஒரே கணக்கா கழிச்சா அதுவும் தப்பாயிரும், அதனால அவரு தெனமும் காலி சாக்க தனியா மாட்டிப் பாத்துட்டுதான் நோட்டையே தொறப்பாராம். அத அப்படியே என் ஆளுக்கு வச்சிட்டேன். இவ்ளோ பாத்துப் பாத்து எடை போடறவன் அவள பாத்து "கொஞ்சம் கொறச்சா நல்லாருக்கும்"னு சொல்லவே மாட்டான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல.

அஞ்சாவது அத்தியாயம் நீ இன்னும் படிக்கல, இப்பவே சொல்லிடறேன். அம்மா கொலுசுல அந்து போன சலங்கைய பத்த வைக்க அவன் கீழ வரான். ஊருக்கே கொலுசு பண்றவ கால் மட்டும் வெறுங்காலா இருக்கறத பாக்கறான். ஏன்னு கேக்கறான். பத்து, பத்தரை இஞ்சுதான் எப்பவும் பண்ணுவோம், எனக்குப் பத்தாதுங்கன்னு சொல்லிட்டு வேலையப் பாக்கறா. அவன் சட்டைப் பையில இருந்து நோட்ட எடுத்து, "அளவு சொல்லுங்க, எழுதிக்கறேன்"ங்கறான். அவ நூல எடுத்து கணுக்கால்ல சுத்தி ஸ்கேல்ல வச்சுப் பாக்கறா, பன்னெண்டு. அவன் பன்னெண்டுன்னு எழுதிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கெளம்பிடறான். இந்த எடத்த எழுதறப்ப எனக்கு அழுகை வந்துருச்சுடி.

இப்ப நீயே சொல்லு, அவள இளைக்க வச்சா அந்த அளவுக்குப் பண்ற கொலுசு என்னாகும், லொடலொடன்னு தொங்கும். அவன் எழுதின அளவு பொய்யாப் போயிரும். குண்டு மல்லின்னு ஆசையா கேட்டு வாங்கி தலையில வக்கிறோம், பொண்ணு குண்டா இருந்தா மட்டும் கடைசிப் பக்கத்துல திருத்தி அனுப்பணுமா? மாட்டேன். உனக்குப் பிடிக்கலன்னா வேற எத வேணா மாத்தறேன், அவன் பேச்சு ரொம்பக் கம்மின்னு சொன்னியே, அது சரிதான், கொஞ்சம் பேச விடறேன்.

மே மாசம் கோடை விழாக் கூட்டத்துக்கு முன்னாடி வா, மேல போலாம். எனக்கும் ஒரு ஜோடி கொலுசுக்கு சொல்லியிருக்கேன், பதினொன்னரை இஞ்சு, வெள்ளிக்கிழமை வாங்கிக்கச் சொன்னாங்க.